எருக்கூடையும் முதுகும்: மலைத்தோட்ட வேலையை உடம்புக்குப் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் மலைக்காய்கறியும் வைத்திருப்பவர்கள் ரசாயன உரத்தைக் குறைத்து எருவுக்கு மாறுவதைப் பல ஆண்டுகளாகக் கூடவே இருந்து பார்த்து வருகிறேன். முதல் ஆண்டு நன்றாகப் போகும். இரண்டாம் ஆண்டு ஆடி மழையில் எருக்குவியல் சாலையோரத்திலேயே நனைந்து கிடக்கும். தோட்டத்துக்குள் யூரியா மூட்டை இறங்கியிருக்கும். காரணம் கேட்டால் "ஆள் கிடைக்கலைங்க" என்பார்கள். ஆள் ஊரில்தான் இருக்கிறார்கள். போன ஆண்டு சுமந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் இந்த ஆண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

மண்ணைக் காப்பாற்றும் திட்டம் எதுவானாலும் அது யாரோ ஒருவருடைய உடம்பின் வழியாகத்தான் நடக்கிறது. அந்த உடம்பு தினமும் தாங்குமா என்று தொடக்கத்திலேயே பார்ப்பதற்குத்தான் பணிச்சூழலியல். வேலை, கருவி, பாதை, நேரம், கூலி எல்லாவற்றையும் செய்கிற ஆளுக்குத் தகுந்தபடி அமைப்பது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் மண்ணைக் கெடுக்காத உணவு உற்பத்தி 2.4, பாதுகாப்பான வேலையிடம் 8.8, மலைச் சூழலைக் காப்பது 15.4 என்று தனித்தனி எண்களில் இருக்கின்றன. நம் சரிவில் இந்த மூன்றையும் எருக்கூடை தூக்குகிற ஒரே பெண்தான் சுமக்கிறார்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பலர் ஆறாவது படியான கருவி வாங்குவதில் தொடங்குகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

பொருள்கள் கொஞ்சம்தான்: 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, அளவு நாடா, ஒரு நோட்டு, படம் எடுக்க செல்போன், நாலைந்து பெரிய பழுப்புத் தாள், ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். பொட்டு எதற்கு என்று மூன்றாம் படியில் வரும்.

பொருளைவிட முக்கியமானது காலம். கொழுந்து கொட்டும் மாதங்களில் இதைத் தொடங்காதீர்கள். அப்போது எல்லோருக்கும் பறிப்பு அவசரம், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கடும் மழைக்கு முந்தைய ஓய்ந்த வாரங்கள் நல்லது. எரு சுமக்கும் காலத்துக்கு மாதம் ஒன்றரை மாதம் முன்னால் இருக்க வேண்டும். பாதை வெட்டவும் திண்டு கட்டவும் அவ்வளவு நாள் பிடிக்கும்.

இரண்டு சம்மதமும் வாங்குங்கள்: தோட்டக்காரரிடம் ஒன்று, சுமக்கிறவர்களிடம் ஒன்று. கூடிப் பேசுகிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று தோட்டக்காரரிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அரை நாள் கூலியை விட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா வாயைத் திறக்க மாட்டார். சட்டியில் என்ன ஏற்றுவது என்ற கவலைதான் அவருக்கு இருக்கும்.

2. ஒரே ஒரு வேலையை எடுத்து, எடைக்கணக்குப் போடுங்கள்

தோட்டத்தில் இருபது வேலை இருக்கும். எல்லாவற்றையும் சீர்செய்யக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது. புதிய முறைக்கு மாறும்போது எந்த வேலை திடீரென்று பெருகுகிறதோ அதை எடுங்கள். எருவுக்கு மாறும் தோட்டத்தில் அது பெரும்பாலும் சுமப்பதுதான்.

எவ்வளவு பெருகும்? யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் அது ஏறக்குறைய 20.7 கிலோ. தொழு எருவில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவுதான். அதே 20.7 கிலோவைத் தொழு எருவாகக் கொண்டுபோக 4,140 கிலோ வேண்டும். கூடைக்கு 15 கிலோ என்றால் 276 நடை. ஒரு மூட்டை யூரியாவை ஒரு ஆள் ஒரே தடவையில் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

எரு மண்ணுக்குத் தருவது தழைச்சத்தோடு நிற்பதில்லை. மண்ணின் பொதுபொதுப்பும் ஈரம் பிடிக்கும் சக்தியும் அதில்தான் வருகின்றன. அதனால் மூட்டைக்கு மூட்டை ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 276 என்ற எண்ணைத் தோட்டக்காரரும் திட்டம் போடுகிறவரும் ஒரு முறை கேட்டாக வேண்டும். பயிற்சி வகுப்புகளில் ஏக்கருக்கு எத்தனை டன் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் கூடையால் வகுத்து நான் பார்த்ததில்லை.

நல்ல மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்றரை விழுக்காடு என்று வைத்தால் 1,380 கிலோ, 92 நடை. மூன்றில் ஒரு பங்கு. உரத்தின் தரம் கூடினால் முதுகின் பாரம் குறையும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

3. உடம்பைக் கேளுங்கள், வாயைக் கேட்காதீர்கள்

முதன்முதலில் நான் போய் "வலி எதுவும் இருக்காங்க?" என்று கேட்டேன். எல்லோரும் "ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். பக்கத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். வலிக்கிறது என்று சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அந்தக் கேள்வியே தவறு, கேட்ட இடமும் தவறு.

இப்போது செய்வது இது. பழுப்புத் தாளில் ஒரு ஆளின் முன்பக்க உருவமும் பின்பக்க உருவமும் வரைந்து, தோட்டக்காரரும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில் சுவரில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொருவரும் வந்து வலிக்கிற இடத்தில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டுப் போக வேண்டும். சின்னப் பொட்டு சாதாரண வலிக்கு. பெரிய பொட்டு வேலையை நிறுத்த வைக்கும் வலிக்கு. பெயர் எழுத வேண்டாம்.

இதை இரண்டு முறை செய்யுங்கள்: மாலை வேலை விட்டதும் ஒன்று, மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் இன்னொன்று. மாலையில் உடம்பு முழுக்கப் பொட்டு வரும், அது அலுப்பு. தூங்கி எழுந்த பிறகும் எந்த இடத்தில் பொட்டு விழுகிறதோ அதுதான் வேலை விட்டுப்போன வடு. எங்கள் பக்கம் காலைத் தாளில் இடுப்புக்கு மேலும், கழுத்தடியிலும், இறங்குகிற கால் முட்டியிலும் பொட்டு குவியும். முட்டியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். சுமையோடு இறங்குவது முட்டியைத் தின்கிறது என்று அந்தத் தாள்தான் சொன்னது.

தாள்களில் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஒன்பதாம் படியில் வேண்டும்.

4. கூடவே நடந்து அளந்து பாருங்கள்

ஒரு நாள் முழுக்க சுமக்கிறவரோடு நடங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சுமை மட்டும்தான் தெரியும். நடந்தால்தான் வழுக்குகிற பாறை, தாவ வேண்டிய ஓடை, கூடையைப் பிடித்து இழுக்கும் தேயிலைக் கிளை எல்லாம் தெரியும்.

ஐந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கூடையின் எடை, ஒரு நடையின் தூரம், ஏறுகிற அல்லது இறங்குகிற உயரம், ஒரு நாளின் நடை எண்ணிக்கை, ஒரு நடையில் தரையிலிருந்து சுமை எத்தனை முறை தூக்கப்படுகிறது. கடைசியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுமந்து நடப்பதைவிடக் குனிந்து தூக்குவதில்தான் இடுப்பு அதிகம் போகிறது.

பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். முன்னால் நின்று எடுத்தால் முதுகு எவ்வளவு வளைகிறது என்பது தெரியாது.

நாடியும் பாருங்கள். காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகு ஒரு முறை. பிறகு சுமை இறக்கிய உடனே 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நாள் முழுக்கச் செய்யும் வேலையில் ஓய்வு நாடியைவிட நிமிடத்துக்கு 30, 35 துடிப்புக்கு மேல் நிற்கக் கூடாது என்பது வேலை உடலியலில் நெடுநாளாக உள்ள அளவு. ஏற்றத்தின் உச்சியில் ஒரு கணம் தாண்டுவதில் பயம் இல்லை. ஒவ்வொரு நடையிலும் தாண்டி, அடுத்த நடைக்கு முன் இறங்காமலே இருந்தால் அந்த வேலை அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு பழகச் சில நாள் ஆகும்.

5. முதலில் பாதை, பிறகு சுமை

சீர்செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. சுமக்கவே வேண்டாமே என்று பார்ப்பது முதல். முடியாவிட்டால் தூரத்தைக் குறைப்பது. அதன் பிறகே எடையைக் குறைப்பதும் கருவியும். "இப்படித் தூக்குங்கள்" என்று பயிற்சி கொடுப்பது கடைசி. எல்லோரும் பயிற்சியில் தொடங்குவதற்குக் காரணம் அதில் தோட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதுதான். சரிவு வழுக்கும்போது, கூடை 25 கிலோ இருக்கும்போது, முதுகை நேராக வைத்துத் தூக்கு என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

சுமக்காமல் விடக்கூடியவை: நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிக் கவாத்து செய்யும்போது விழும் இலையும் சிறு குச்சியும் அந்த வரிசையிலேயே கிடக்கட்டும். அதை வெளியே எடுத்துப்போய் மட்க வைத்துத் திரும்பச் சுமந்து வருவதில் அர்த்தம் இல்லை. காய்கறிப் பாத்தியில் பயறு வகைப் பசுந்தாள் விதைத்து அங்கேயே மடக்கி உழுதால் விதையின் எடை மட்டும்தான் சுமை.

அடுத்தது எருக்குழியின் இடம். வழக்கமாக லாரி எங்கே கொட்டுகிறதோ அங்கேயே குழி அமையும். தோட்டத்துக்கு மேல் சாலை இருந்தால் நல்லது, சுமை இறங்கும். கீழே சாலை இருந்தால் ஈர எரு மொத்தமும் மேலே ஏற வேண்டும். அப்படிப்பட்ட தோட்டத்தில் சின்னச் சின்னக் குழிகளாக மூன்று நான்கு மட்டத்தில் பிரியுங்கள். சாணத்தை மட்டும் கீழிருந்து ஏற்றி, செத்தையையும் களையையும் அந்தந்த மட்டத்திலேயே சேர்த்து மட்க வைக்கலாம். ஏறும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பாதையை நேராக மேலே போட வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே வளைத்து வளைத்துப் போடுங்கள். தூரம் கூடும், ஆனால் நாடி இறங்கும். மழைநீரும் அந்த வழியே ஓடை வெட்டாது. உடம்புக்கு நல்ல பாதை மண்ணரிப்புக்கும் நல்லதாக அமைவது இங்கே கிடைக்கும் இரட்டை லாபம். படி வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு படி 15 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல், பாதம் முழுதும் பதியும் அகலத்தில் இருக்கட்டும். முட்டியில் பொட்டு குவிந்த தோட்டத்தில் இதுதான் மருந்து.

பிறகு சுமைதாங்கி. பழைய பாதைகளில் இரண்டு கல் நட்டுக் குறுக்கே ஒரு கல் வைத்திருப்பார்களே, அதுவேதான். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையைச் சாய்த்து வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். தரைக்கு இறக்கினால் மறுபடி தூக்க வேண்டும். அதற்குப் பயந்து ஓய்வே எடுக்காமல் போவார்கள். தலைச்சுமைக்குத் தோளுயரம், முதுகுக் கூடைக்கு இடுப்புயரம். இருப்பவர்களில் குட்டையானவரை நிறுத்தி அளந்து கட்டுங்கள். சரிவில் குறுக்காக ஒரு திண்டு கட்டினால் கீழ்ப்பக்கம் உயரமாகவும் மேல்பக்கம் தாழ்வாகவும் அமையும். ஒரே திண்டு இரண்டு விதச் சுமைக்கும் உதவும். எருக்குழி வாயிலிலும் ஒன்று வேண்டும்: கூடையைத் தரையில் வைத்து நிரப்பாமல் திண்டின் மேல் வைத்து நிரப்புங்கள். இத்தனை படிகளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

யோசனைகளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். 1990களில் வியட்நாமின் மெக்கோங் படுகையில் சிறு விவசாயிகளிடையே நடந்த வேலைச் சீர்திருத்தம், அதே ஊரில் யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் நல்ல ஏற்பாட்டைப் படமெடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவதில்தான் தொடங்கியது. பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒருவர் போட்ட படிக்கட்டின் படம் செய்கிற வேலையை எந்த வெளிநாட்டுப் படமும் செய்யாது.

6. சுமையும் கருவியும்

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு தேசிய நிறுவனமான நியோஷ் வகுத்த தூக்கல் கணக்கில், எல்லாம் சாதகமாக இருக்கும் நிலைக்கே மேல்வரம்பு 23 கிலோ. சமதரை, நல்ல பிடி, சுமை உடம்பை ஒட்டி இருக்கும் நிலை. கை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் வரைதான் அது. 50 சென்டிமீட்டர் தள்ளினால் பாதி, அதாவது 11.5 கிலோ. குனிவதும் திரும்புவதும் சேரச் சேர இன்னும் குறையும். ஈரச் சரிவு சாதகமான நிலை ஆகாது. அதனால்தான் கூடைக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். காலைப் பொட்டு குறையாவிட்டால் அதையும் குறைப்பேன்.

எடையைக் குறைக்க எளிய வழி தண்ணீரைச் சுமக்காமல் இருப்பது. 1,000 கிலோ எருவில் 60 விழுக்காடு ஈரம் என்றால் உலர்ந்த பொருள் 400 கிலோ மட்டுமே. ஈரத்தை 40 விழுக்காட்டுக்கு இறக்கினால் அதே எரு 667 கிலோ ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு நடை மிச்சம். மட்கும்போது ஈரம் தேவை, மட்கி முடிந்ததும் தேவையில்லை. குவியலுக்கு மேல் ஒரு கூரை போட்டு, சுமக்கும் முன் ஒரு வாரம் பரப்பி ஆற விடுங்கள். நிழலில் ஆற வேண்டும், வெயிலில் காய்ந்தால் சத்து போகும். கூரைச் செலவைக் கணக்குப் பார்க்கும் தோட்டக்காரரிடம் மிச்சமாகும் நடையைக் கூலியால் பெருக்கிக் காட்டுங்கள்.

சுமக்க அகலமான கூடையைவிட உடம்பை ஒட்டும் குறுகிய முதுகுக்கூடை மேல். வாரில் நாலு விரல் அகலம் இருக்க வேண்டும். கயிறு மட்டும் இருந்தால் தோளை அறுக்கும். தலையில் சுமக்கப் பழகியவரை வற்புறுத்தி மாற்றாதீர்கள். சும்மாட்டைத் தடிமனாக்கி எடையைக் குறைத்தால் போதும்.

தள்ளுவண்டி விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு தோட்டத்துக்கு இரும்புத் தள்ளுவண்டி வாங்க நான்தான் பேசி ஏற்பாடு செய்தேன். கிடைமட்டப் பாதை எங்குமே இல்லை என்பதை யோசிக்கவில்லை. இறக்கத்தில் வண்டி இழுத்துக்கொண்டு போய், பிடித்திருந்த அக்கா விழுந்து மணிக்கட்டு பிசகியது. முதலில் பாதையை அளந்திருந்தால் அந்த வண்டி வந்தே இருக்காது. ஐந்தாம் படியை ஆறாவதற்கு முன்னால் வைத்திருப்பதற்கு அந்த மணிக்கட்டுதான் காரணம்.

களைக்கொத்து, மண்வெட்டி போன்றவற்றில் கைப்பிடியைப் பாருங்கள். முழுக்கையால் இறுகப் பிடிப்பதற்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமன் சரி. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆண் கைக்கு. சிறிய கைக்கு 3 சென்டிமீட்டர் பக்கம் செதுக்கிக் கொடுங்கள். ரசாயனக் களைக்கொல்லியை விட்டால் களை எடுப்பது கூடும் என்பதால் நின்றபடி செய்ய நீளக் காம்பு போட்ட கொத்து ஒன்றாவது இருக்கட்டும். குத்துக்காலிட்டு எடுக்கும் இடத்துக்குக் குறுங்காம்பு. இரண்டும் மாறி மாறி என்றால் ஒரே மூட்டு நாள் முழுக்கத் தேயாது.

கொழுந்து பறிக்கும்போது வரிசையின் கீழ்ப்பக்கம் நின்றால் செடியின் மேல்மட்டம் முழங்கைக்கு அருகே வரும், குனிவு குறையும். மேல்பக்கம் நின்றால் இடுப்பை மடிக்க வேண்டும். பறிப்புப் பாதையை அதற்கேற்பச் சொல்லுங்கள். கேரட், உருளைக்கிழங்கு தரம் பிரிப்பதைத் தரையில் வைத்துச் செய்யாமல் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வருகிற மேசையில் வையுங்கள். விளைச்சல் மூட்டை சந்தைக்கு 45 கிலோவாகத்தான் போகிறது என்றால் தோட்டத்திலிருந்து சாலை வரை இரண்டு மூட்டையாக வந்து, சாலையில் மேசை மேல் ஒன்றாக்கித் தைக்கட்டும்.

7. கலக்கல், தெளிப்பு: மறதிக்கு இடம் கொடுக்காதீர்கள்

பஞ்சகவ்யா 3 விழுக்காடு தெளிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். பனிக்காலக் காலையில், விரல் மரத்திருக்கும்போது, முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட வைப்பது சரியில்லை. 480 மில்லி. ஒரு சொம்பில் அந்த அளவில் பெயின்ட் கோடு போட்டு, அந்தச் சொம்பை டேங்கோடு கட்டிவிடுங்கள். கோடு வரை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். எழுத்துத் தெரியாதவரும் தவறு செய்ய மாட்டார்.

கரைசலை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் முனை அடைக்கும். ஒவ்வொரு அடைப்புக்கும் 20 கிலோ பாரத்தை இறக்கி ஏற்ற வேண்டும். 16 லிட்டர் தண்ணீரே 16 கிலோ, மேலே டேங்கின் எடை. சரிவில் 10 லிட்டர் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், சொம்பில் இரண்டாவது கோடு 300 மில்லிக்கு. டேங்கை நிரப்புவதும் முதுகில் மாட்டுவதும் திண்டின் மேல் வைத்துத்தான்.

எச்சரிக்கைப் பலகை எழுதி வைப்பதைவிடச் சரியான செயலை எளிதாக்குவதே வேலை செய்யும். நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிற ஏற்பாடு வந்தது. காட்டில் பாட்டில் வீசாதே என்று அதற்கு முன்பும் பலகைகள் இருந்தன.

8. கூலியும் நேரமும்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மேலே செய்த எல்லாம் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கூடைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் இடத்தில் 25 கிலோவை 15 ஆக்கி, கூலியை எடைப்படி குறைத்தால் அந்தப் பெண் இரண்டு கூடையை ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவார். அவர் மேல் தப்பில்லை. நாள் கூலியாகவோ, ஒரு பகுதிக்கு எரு போட்டு முடிக்க இவ்வளவு என்றோ மாற்றுங்கள்.

சுமப்பதைக் காலையில் இரண்டு மணி நேரம், பிறகு வேறு வேலை என்று பிரியுங்கள். மாற்று வேலை உடம்பின் வேறு இடத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும். எரு சுமந்தவரிடம் டேங்கைக் கொடுத்தால் அது மாற்றமே இல்லை. நீண்ட ஒரே ஓய்வைவிட மணிக்கு ஐந்து பத்து நிமிடம் சுமைதாங்கி அருகே நிற்பது நல்லது.

இருட்டோடு தொடங்க வேண்டாம். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. தலையில் சுமை இருப்பவரால் திரும்பிப் பார்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

இன்னொன்று, பேசக் கூச்சப்படுவார்கள், அதனால் நீங்கள்தான் பேச வேண்டும். தோட்டத்தில் கழிப்பறை இல்லாவிட்டால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலி, சிறுநீர்த் தொற்று, மயக்கம் எல்லாம் அதில் வரும். மறைப்பும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, நடந்து போகும் தூரத்தில். இதைச் சுகாதாரத் திட்டத்தின் செலவு என்று தள்ளி வைக்காமல் எருத் திட்டத்தின் செலவிலேயே எழுதுங்கள்.

9. ஒரு வாரச் சோதனை, பிறகே முழுத் தோட்டம்

ஒரு சரிவில் மட்டும், நாலைந்து பேரோடு, ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். திண்டைச் சிமென்ட் போட்டுக் கட்டாமல் கல்லை அடுக்கி வையுங்கள். உயரம் சரியில்லை என்றால் அன்றே மாற்றலாம். மூன்றாம் நாள் எதையாவது விட்டுவிட்டுப் பழைய வழியில் போனால் கோபிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ஒரு தோட்டத்தில் வளைவுப் பாதையை யாரும் தொடவில்லை. அட்டைப்பூச்சி நிறைந்த புல் ஓரமாகப் போயிருந்தது அது. புல்லை வெட்டியதும் எல்லோரும் அதில் நடந்தார்கள்.

வாரக் கடைசியில் மூன்றாம் படியின் தாளை மறுபடி ஒட்டுங்கள். பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இம்முறை தோட்டக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெயர் இல்லாத தாள் என்பதால் யாருக்கும் பாதகம் இல்லை.

10. கணக்கு நோட்டில் என்ன எழுதுவது

எத்தனை டன் எரு போட்டோம் என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது பரவலான தவறு. இடப்பக்கம் மண்: போட்ட எரு, வாங்காமல் விட்ட யூரியா, மழையில் ஓடிய மண்ணின் நிலை. வலப்பக்கம் ஆள்: நடை எண்ணிக்கை, கூடை எடை, காலைப் பொட்டுகள், வேலைக்கு வராத நாள்கள், போன ஆண்டு வந்தவர்களில் இந்த ஆண்டும் வந்தவர்கள் எத்தனை பேர். இயற்கை வேளாண்மை அந்தத் தோட்டத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகுமா என்பதை அந்தக் கடைசி எண் எனக்கு எதையும்விடச் சீக்கிரம் சொல்லியிருக்கிறது.

பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளையும் போடுகிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். படிக்கட்டு நிலம் என்பதால் அங்கே ஒவ்வொரு மேடையிலும் ஒரு சின்னக் குழி வைப்பது இன்னும் எளிது. கற்சுவரையே சுமைதாங்கியாக வைத்துக்கொள்ளலாம்.

மழை நின்றதும் ஒரு முறை பாதை முழுக்க நடந்து வாருங்கள், வெறுங்கையோடு வேண்டாம், 15 கிலோ கூடையோடு. எந்தப் படி சரிந்திருக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆடுகிற கல்லை அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.